மூன்றாவது எபிசோடில் கய் ஏன் அப்படிச் சாகிறான்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். 'கண்டம்', 'ஈவாஞ்சலியன்' என்ற ஜப்பானிய ரோபோ அனிமே தொடர்கள் இரண்டையும் பார்த்து முடித்தவர் நீங்கள். விண்வெளி ரோபோ கதையிலேயே வேறு மாதிரி ஒன்று வேண்டுமென்று தேடி, யாரோ சொல்லி 'மார்ஷியன் சக்ஸசர் நடெசிகோ'வைத் தொடங்கியிருக்கிறீர்கள். மூன்று எபிசோட் முடிந்தது. போர்க்கப்பல் நடெசிகோவின் கேப்டன் யுரிகா தாமதமாக வந்து, கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் இரண்டு விரல் காட்டிச் சிரிக்கிறாள். சமையல்காரன் அகிதோ ரோபோ ஓட்டுகிறான். விமானி சண்டைக்கு முன்பே காலை உடைத்துக்கொள்கிறான். சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் காலுடைந்த விமானி கய்யை யாரோ சுட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். "இது காமெடியா, சீரியஸா? இதில் என்ன இருக்கிறதென்று இத்தனை வருடமாகக் கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அதற்கும் கொஞ்சம் கீழே இருக்கிறது என்று நினைக்கிறேன்: சிரிக்க வைத்துவிட்டு இப்படிச் செய்தது நியாயமா? அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

ஜப்பானிய மொழியிலிருந்து வசன வரிகள் மொழிபெயர்ப்பது என் வேலை. பதினைந்து வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன். இந்தத் தொடரை முதலில் கல்லூரி நாட்களில் பார்த்தேன். அப்புறம் மொழி கற்ற பிறகு ஒருமுறை, வேலையில் பழகிய பிறகு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் வேறு ஒரு தொடரைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. அதனால் கதையின் விவரங்களை உறுதியாகச் சொல்ல முடியும். அதற்கு நான் கொடுக்கும் அர்த்தம் என் வாசிப்பு. அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் பின்னணி. டிவி டோக்கியோவில் 1996 அக்டோபரில் தொடங்கி 1997 மார்ச்சில் முடிந்த தொடர். 26 எபிசோட். ஸீபெக் ஸ்டுடியோ தயாரித்தது, இயக்குநர் தத்சுவோ சாதோ. இதே டிவி டோக்கியோவில் ஈவாஞ்சலியன் முடிந்தது 1996 மார்ச்சில், அதாவது வெறும் ஆறேழு மாதம் முன்னால். ரோபோ கதை என்றாலே உடைந்துபோன மனங்கள், புரியாத குறியீடுகள் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சத்தமும் வண்ணமுமாக இது வந்தது. ஜப்பானிய மொழியில் தலைப்பு 'கிதோ சென்கான் நடெசிகோ'. 'கிதோ சென்ஷி' என்று தொடங்குவது கண்டத்தின் தலைப்பு, 'உச்சூ சென்கான்' என்று தொடங்குவது யமாத்தோ என்ற விண்வெளிப் போர்க்கப்பல் தொடரின் தலைப்பு. இரண்டு பெரிய தொடர்களின் பெயரையும் ஒன்றாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். யமாத்தோவையும், கப்பலுக்கு வைத்த நதெஷிகோ என்ற பூவின் பெயரையும் சேர்த்தால் 'யமாத்தோ நதெஷிகோ', அடக்கமும் பண்பும் நிறைந்த பெண்ணைக் குறிக்கும் பழைய சொல்வழக்கு. அந்தப் பெயருள்ள கப்பலுக்கு யுரிகாவைக் கேப்டனாகப் போட்டிருக்கிறார்கள் என்பதிலேயே ஜப்பானியப் பார்வையாளர் சிரித்திருப்பார். வசன வரியில் இதைக் கொண்டுவரவே முடியாது, அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

இனி காமெடிக்கு வருகிறேன். பலரும் இதைக் 'கேலித் தொடர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேலி என்றால் ரோபோவைக் கேலி செய்ய வேண்டும். இங்கே ரோபோ விஷயத்தில் மிகவும் கறாராக இருக்கிறார்கள். எஸ்டிவாலிஸ் ரோபோவை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் ஆறு மீட்டர் அளவுதான், கண்டத்தின் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் பெரிய எஞ்சின் கிடையாது. தாய்க்கப்பல் அனுப்பும் ஈர்ப்பலைக் கற்றையிலிருந்துதான் மின்சாரம் வருகிறது. கற்றை எட்டும் தூரத்தைத் தாண்டினால் பேட்டரி, பேட்டரி தீர்ந்தால் வெறும் இரும்பு. விண்வெளிக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று உடல்கள் தனித்தனி, விமானி உட்காரும் பெட்டியை மட்டும் கழற்றி வேறு உடலில் மாட்டிக்கொள்ளலாம். ஓட்டுகிறவன் கையில் நானோ இயந்திரங்கள் செலுத்தப்பட்ட அடையாளம் இருக்கும், நினைப்பதை ரோபோ செய்யும். செவ்வாயில் வளர்ந்த அகிதோவின் கையில் அது ஏற்கெனவே இருப்பதால்தான் சமையல்காரன் ரோபோவுக்குள் ஏற முடிகிறது. பூமியில் அந்த அடையாளத்தைப் பார்த்தவர்கள் அவனை விமானி என்று நினைக்கிறார்கள். அவனோ செவ்வாயில் பார்த்த தாக்குதலை நினைத்து, சண்டைச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறவன். இவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய உலகத்தில்தான் ஆட்கள் கூத்தடிக்கிறார்கள். கற்றை விஷயத்தை நான் ரொம்பவும் ரசிப்பேன். எந்தச் சண்டையிலும் இவர்கள் வீட்டை விட்டுத் தூரம் போக முடியாது. சமையலறையும் குளியலறையும் காதல் சண்டையும் இருக்கிற கப்பல்தான் இவர்களுக்கு உயிர் ஊட்டுகிறது.

கப்பலில் இருப்பவர்கள் யார்? இராணுவம் இல்லை. நெர்கால் என்ற தனியார் கம்பெனி கட்டிய கப்பல் இது. திறமை முதல் தரமாக இருந்தால் போதும், குணம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று ஆள் எடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் வேலை ஒப்பந்தம் உண்டு. ஐந்தாவது எபிசோடைப் பார்ப்பீர்கள் பாருங்கள், அந்த ஒப்பந்தத்தில் காதலர்கள் கை கோப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி இருப்பது தெரிந்து எல்லோரும் கிளர்ச்சி செய்வார்கள். அதே எபிசோடில், தாக்குதலில் அழிந்த ஒரு விண்வெளிக் குடியிருப்பில் இறந்தவர்களுக்கு யுரிகா ஒவ்வொருவராக அடக்கம் நடத்திக்கொண்டிருப்பாள். கேப்டன்தான் நடத்த வேண்டும் என்பது விதி. ஒவ்வொருவர் மதப்படியும் உடை மாற்றி, சடங்கு மாற்றி, அடுத்த சடங்குக்கு ஓடுகிறாள். முதல் முறை பார்க்கும்போது அந்த உடை மாற்றும் வேகத்துக்குச் சிரித்தேன். இரண்டாவது முறை அவள் முகத்தைப் பார்த்தேன். இருபது வயதுப் பெண், கல்லூரியில் போர்த்தந்திரத்தில் முதலிடம் வாங்கியவள். செத்தவர்களை எப்படி அனுப்பி வைப்பது என்று அங்கே யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். காட்சி மாறவே இல்லை, நான் பார்க்கும் இடம்தான் மாறியது. இந்தத் தொடரின் காமெடி பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. சிரிப்புக் காட்சி ஒன்று, சோகக் காட்சி ஒன்று என்று மாற்றி மாற்றி வைப்பதில்லை. ஒரே காட்சிக்குள் இரண்டும் இருக்கும்.

சரி, இப்போது கய். அவனுடைய நிஜப் பெயர் யமதா ஜிரோ. டாய்கோஜி கய் என்பது 'ஆன்மாவின் பெயர்' என்று அவனே வைத்துக்கொண்டது. அவனுக்கு உயிர் 'கெகிகாங்கர் 3' என்ற பழைய கார்ட்டூன். இது நடெசிகோவுக்காகவே உருவாக்கிய கற்பனைத் தொடர். மூன்று விமானங்கள் இணைந்து ஒரு மாபெரும் ரோபோவாகும் கதை. 1974இல் வந்த கெட்டர் ரோபோவைத் தெரிந்தவர்களுக்கு அச்சு எங்கிருந்து வந்ததென்று உடனே புரியும். அதை எழுபதுகளின் கைவண்ணத்திலேயே வரைந்திருக்கிறார்கள்: தடித்த கோடு, கத்தும் வசனம், அதற்கென்று தனியாக ஒரு பாட்டு. ஜப்பானியர்கள் 'நெக்கெட்சு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் சூடான ரத்தம். ரத்தம் கொதிக்க எழுந்து நின்று, நண்பனுக்காக உயிரைக் கொடுத்து, சாகும்போது வானத்தைப் பார்த்து வசனம் பேசும் அந்த வகை வீரம். கய் அப்படித்தான் வாழ ஆசைப்படுகிறான். கெகிகாங்கரில் ஜோ என்ற வீரன் சாகும் காட்சியை அகிதோவுக்குப் போட்டுக் காட்டி, இருவரும் கண்ணீர் விடுகிறார்கள்.

அதே எபிசோடின் முடிவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். சண்டை முடிந்துவிட்டது. கய் தன் ரோபோவில் கெகிகாங்கர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறான், பிடித்த பொம்மையை அலங்கரிக்கும் பையனைப் போல. சிறைப்பட்டிருந்த இராணுவ அதிகாரிகள் தப்பிப்போகும் வழியில் அவன் நிற்கிறான். ஒரு துப்பாக்கிச் சத்தம். எதிரியின் கையால் கூட இல்லை. வசனம் இல்லை, தியாகம் இல்லை, கையைப் பிடித்துக்கொள்ள நண்பனும் பக்கத்தில் இல்லை. ஜோவின் சாவைப் பார்த்துவிட்டு வந்த நமக்கு அந்தச் சத்தம் ரொம்பச் சின்னதாகக் கேட்கிறது. அந்தச் சின்னச் சத்தத்துக்காகத்தான் அதற்கு முந்தைய கூத்தெல்லாம் என்பது என் வாசிப்பு. அடுத்த எபிசோடில் கப்பல் பழையபடி கலகலப்பாக இயங்குவதும், அகிதோவுக்கு மட்டும் அது தாங்க முடியாமல் போவதும் இதை வலுப்படுத்துகிறது. உங்களுக்கு வந்த கோபம் அகிதோவுக்கு வந்த அதே கோபம். ஏமாற்றப்பட்டதாக நினைத்தது தவறில்லை. அவனோடு சேர்ந்து அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் கதை அங்கே உங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இதற்கு மேல் சொல்வது கதையின் நடுப்பகுதி ரகசியம். தெரியாமல் பார்க்க விரும்பினால் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடுங்கள். தொடக்கத்தில் எதிரியை 'வியாழன் பல்லிகள்' என்கிறார்கள். ஆளில்லாப் பூச்சி இயந்திரங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் வேற்றுக்கிரகவாசிகள் என்று பூமி நம்புகிறது. அவர்கள் மனிதர்கள்தான். நூறு வருடத்துக்கு முன் நிலவின் சுதந்திரத்துக்காகப் போராடி, துரத்தப்பட்டு, செவ்வாய்க்குப் போய், அங்கேயும் குண்டு வீசப்பட்டு, வியாழனுக்குத் தப்பி ஓடியவர்களின் சந்ததி. பூமியின் மேலிடம் அதை மறைத்துவிட்டது. அந்த மக்களிடம் பண்பாடு என்று மிஞ்சியது என்ன தெரியுமா? கெகிகாங்கர் 3. அவர்களுக்கு அது வேதம். அவர்களுடைய ரோபோக்கள் அந்தச் சாயலில் இருக்கின்றன. அவர்கள் மதிக்கும் பெண்மை அந்தக் கார்ட்டூனின் நாயகி நானாகோ. எதிரிப் படை அதிகாரி ஷிராதோரி ட்சுகுமோ முதன்முதலாக இந்தக் கப்பலுக்குள் வந்து முகம் காட்டும்போது, அவன் செத்துப்போன கய்யை உரித்து வைத்த மாதிரி இருக்கிறான்.

இந்த இடம்தான் என்னைப் பொறுத்தவரை தொடரின் இதயம். இரண்டு பக்கமும் ஒரே கார்ட்டூனை நேசிக்கிறார்கள், ஒரே பாட்டைப் பாடுகிறார்கள், ஒருவரை ஒருவர் கொல்கிறார்கள். இதைக் கேட்கும்போது சிரிப்பு வரும், பார்க்கும்போதும் வரும். ஆனால் அந்தக் கார்ட்டூனால்தான் ஒருவரை ஒருவர் மனிதர்களாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள் என்பதும் நடக்கிறது. நீதி நம் பக்கம் மட்டும்தான் என்று அதே கார்ட்டூனிலிருந்து கற்றுக்கொண்ட ஒருவர், சமாதானம் பேச வந்த ட்சுகுமோவை அவனுடைய நண்பனைக் கொண்டே சுட வைப்பதும் நடக்கிறது. கய்யின் முகம் இரண்டாவது தடவை சாகிறது. முதல் சாவில் அர்த்தமே இல்லை. இரண்டாவதில் அர்த்தம் பொங்கி வழிகிறது, அது இன்னும் பயங்கரமாக இருக்கிறது. சின்ன வயதில் ஒரு கதையை நேசித்தவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. நாம் நேசித்த கதை நம்மை நல்லவனாக்குமா, முரடனாக்குமா என்று இவ்வளவு நேரடியாகக் கேட்ட ரோபோ தொடர் எனக்கு வேறு தெரியாது. கேள்வி கேட்கிறவர்களும் அந்தக் கதையை மனதார நேசிக்கிறவர்கள்தான் என்பது ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. பதினான்காவது எபிசோடில் கெகிகாங்கர் பாத்திரங்கள் உட்கார்ந்து நடெசிகோவை டிவியில் பார்ப்பார்கள். அதுவரை வந்த கதையைத் திரும்பச் சொல்லும் எபிசோட்தான், தாண்டிவிட வேண்டாம். வெறுப்போடு கேலி செய்கிறவர்களால் அதை எடுத்திருக்க முடியாது.

ருரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என்னை யாரும் மன்னிக்க மாட்டார்கள். கப்பலின் கணினியோடு பேசும் பதினொரு வயதுச் சிறுமி, பொன்னிறக் கண்கள், உணர்ச்சி காட்டாத குரல். 'பாகா பாக்கா' என்பது அவளுடைய வாக்கியம். "எல்லாரும் முட்டாள்தான்" என்று பொருள். எளிய வரிபோலத் தெரியும், மொழிபெயர்க்கப் போனால் கை நிற்கும். திட்டுகிற குரல் அதில் இல்லை. சுற்றி இருக்கும் பெரியவர்களைப் பார்த்து, மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொல்கிறாள். தொடர் போகப் போக அதே இரண்டு சொல்லில் ஒட்டுதல் ஏறிக்கொண்டே வரும். சொல் மாறாமல் அர்த்தம் மாறுவதைக் காட்டுவது எழுத்தாளருக்கும் குரல் கொடுத்த ஓமி மினாமிக்கும் கிடைத்த பெரிய வெற்றி. பதினெட்டாவது எபிசோடில் அவள் தன் பிறப்பைத் தேடிப் போகிறாள். அவளுக்கு நினைவிருப்பது தண்ணீர்ச் சத்தம் மட்டும். அது எங்கிருந்து வந்தது என்று அவள் கண்டுபிடிக்கும் இடத்தை நான் சொல்ல மாட்டேன்.

குறைகளும் இருக்கின்றன. அகிதோவைச் சுற்றிப் பெண்கள் போட்டி போடும் காட்சிகள் நிறைய, அதில் பாதி இன்று பார்க்க அலுப்பாக இருக்கும். பெண்களை ஒருவனுக்காகச் சண்டை போட வைத்துச் சிரிப்பது தொண்ணூறுகளின் அனிமேயில் எல்லா இடத்திலும் இருந்தது. இங்கே அதே பெண்கள்தான் கப்பலையும் நடத்துகிறார்கள் என்பது கொஞ்சம் ஈடு செய்கிறது, முழுதாக இல்லை. இஸுமி என்ற விமானி ஓயாமல் சிலேடை பேசுவாள். அது எந்த மொழியிலும் தாண்டி வராது, நீங்கள் சிரிக்கவில்லை என்றால் உங்கள் மேல் தப்பில்லை. முடிவும் முழுமையானது அல்ல. பல முடிச்சுகள் அவிழாமலே நிற்கும். காமெடி யாருக்குப் பிடிக்கும் என்பதில் என் பதினைந்து வருட அனுபவம் பெரிதாக உதவாது. உங்களுக்கு எது சிரிப்பு வரவைக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஐந்தாவது எபிசோடின் அடக்கக் காட்சிகள் வரை பாருங்கள். அது உங்களைத் தொடவில்லை என்றால் விட்டுவிடலாம், வருத்தப்பட வேண்டாம்.

தொட்டால், 26 எபிசோடையும் முடித்துவிட்டு 1998 ஆகஸ்டில் வந்த 'பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' படத்துக்குப் போங்கள். 1999இல் அறிவியல் புனைகதைக்கான ஜப்பானின் செய்யுன் விருது வாங்கிய படம். இதில் ருரிக்குப் பதினாறு வயது, அவளே ஒரு கப்பலின் கேப்டன். தொடருக்கும் படத்துக்கும் இடையே நடந்ததைச் சொல்ல ஸாட்டர்ன் என்ற வீடியோ கேம் கருவிக்கு 'தி பிளாங்க் ஆஃப் 3 இயர்ஸ்' என்று ஒரு விளையாட்டு வந்தது. அதை விளையாடாதவர்களுக்குப் படம் நடுவில் தொடங்கிய மாதிரி இருக்கும். குழம்பினால் உங்கள் குற்றம் இல்லை. படத்தின் தொனி பற்றி ரசிகர்களிடையே இன்னும் சண்டை நடக்கிறது. கலகலப்பான தொடருக்கு இவ்வளவு இருட்டான தொடர்ச்சியா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை, ஏனென்றால் அந்த இருட்டு மூன்றாவது எபிசோடிலேயே இருந்தது. நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

அந்தப் படத்தில் ஒரு கல்லறைக் காட்சி வரும். சண்டைச் சத்தத்துக்கு நடுங்கி, சமையல்காரனாகவே இருக்க ஆசைப்பட்ட அகிதோ அங்கே நிற்பான். அவன் உடலை யாரோ சோதனைப் பொருளாக்கிவிட்டதில் நாக்குக்கு ருசி தெரியாமல் போய்விட்டது. எதையும் கதறிச் சொல்ல மாட்டான். தான் போட்டுக்கொடுத்த, தன் குடும்பப் பெயர் கொண்ட தென்கவா ஸ்பெஷல் ராமென் நூடுல்ஸின் செய்முறையை எழுதிய காகிதத்தை ருரியிடம் நீட்டுவான். அவள் உடனே வாங்க மாட்டாள்.